நற்பெயரின் எல்லை எத்தனை கிலோமீட்டர்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில்தான் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பாண்டிச்சேரிப் பக்கத்துக் கூட்டம் இந்த ஊரைத் தாண்டித்தான் மலை சுற்றப் போகும். இறங்குகிறவர்கள் குறைவு. மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டிகள், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர்கள், டீக்கடைகள். இவற்றுக்கு நடுவே ஒரு தெருவுக்குள் திரும்பினால் கரடியும் வானவில்லும் வரைந்த மஞ்சள் சுவர் ஒன்று தெரியும். மேலே பெரிய நகரத்துக் கம்பெனி ஒன்றின் பெயர். ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது ‘மிஸ் ஸ்கூல்’.

அந்த மிஸ் எனக்கு அக்கா முறை. நகையை அடகு வைத்து ஃப்ரான்சைஸ் எடுத்தவர். 2020 மார்ச்சில் பூட்டியதை 2022 பிப்ரவரியில்தான் திறக்க முடிந்தது. நடுவில் வாடகையும் வட்டியும் நிற்கவில்லை. கடனைச் சமாளித்துக்கொண்டே கொஞ்ச காலம் ஓட்டினார். இப்போது விற்றுவிடலாம் என்று முடிவு. வாங்க ஆளும் வந்துவிட்டது. போன மாதம் இரண்டு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“தம்பி, நீ சட்டம் படிச்சவன்தானே. இதப் படிச்சு சொல்லு. என் ஊர்லயே நான் புள்ளைங்கள பாத்துக்கக் கூடாதாம். இன்னாப்பா நியாயம் இது?”

சட்டம் படித்துவிட்டு கோர்ட் பக்கம் போகாதவன் நான். ஆனாலும் படித்தேன்.

முதல் கட்டு, கம்பெனியோடு அவர் போட்ட பழைய அக்ரிமெண்ட். ஃப்ரான்சைஸ் எந்தக் காரணத்தால் முடிந்தாலும், முடிந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு, 5 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அதே மாதிரித் தொழில் எதுவும் செய்யக்கூடாது என்று ஒரு ஷரத்து. இரண்டாவது கட்டு, வாங்குகிறவர் தயாரித்த வரைவு. கீழ்பென்னாத்தூர் தாலுகா முழுக்க ஐந்து வருஷத்துக்கு, அவரோ அவருடைய கணவரோ உறவினரோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, குழந்தைகள் பராமரிப்பு சம்பந்தமான எதையும் நடத்தக்கூடாது.

ஸ்கூலை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் ஏழெட்டுக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் கணக்கு. ஊரில் வேலைக்குப் போகிற பெண்கள் கூடிவிட்டார்கள். பிள்ளையை விட இடம் இல்லை. அந்தத் திண்ணைக்குத்தான் இரண்டு காகிதமும் பூட்டுப் போடுகின்றன.

இரண்டும் ஒரே வாக்கியம் மாதிரித் தெரியும். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறு. ஏன் வேறு என்று தெரிந்துகொள்ள, கல்கத்தாவின் ஒரு பாத்திரக் கடைத் தெருவுக்குப் போகவேண்டும்.

1872 செப்டம்பர் 1ஆம் தேதி இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 26ஆவது பிரிவு, வயது வந்தவரின் கல்யாணத்தைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 28ஆவது பிரிவு, கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நடுவில் 27. சட்டப்படியான எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் ஒருவரைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. கல்யாணம், தொழில், நீதி: மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்த அந்த வரிசை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சட்டம் வந்து இரண்டே வருஷம். கல்கத்தாவில் பித்தளைப் பாத்திர வியாபாரிகளுக்குள் ஒரு சண்டை. நம் ஊர்க் கன்னார் தெரு மாதிரி ஒரு பகுதி. அங்கே மாதவ் சந்தர் பரமானிக் கடை போட்டிருந்தார். அவருடைய போட்டியால் ராஜ்குமார் தாஸ் தரப்பாரின் வியாபாரம் அடிபட்டது. அவர்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: நீ இந்தப் பகுதியில் கடையை மூடிக்கொள், உன் தொழிலாளிகளுக்கு நீ கொடுத்து வைத்திருக்கும் முன்பணத்தை நாங்கள் தந்துவிடுகிறோம். தொகை 900 ரூபாய். மாதவ் கடையை மூடினார். பணம் வரவில்லை. வழக்குப் போட்டார்.

1874இல் தலைமை நீதிபதி ரிச்சர்ட் கௌச் சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் முதல் வருஷப் பாடம். இந்தத் தடை ஒரு தெருவுக்கு மட்டும்தானே, ஊரில் வேறெங்கும் கடை போடலாமே என்று வாதம் வந்தது. கௌச் பக்கத்துப் பிரிவைப் பார்த்தார். 28இல் ‘முற்றாகத் தடுக்கும்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. 27இல் அந்தச் சொல் இல்லை. சட்டம் எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். ஆகவே முழுத் தடையும் செல்லாது, அரைத் தடையும் செல்லாது. ஒப்பந்தமே செல்லாது என்றால் 900 ரூபாயும் கிடையாது.

வகுப்பில் இதைப் படித்தபோது தொழில் சுதந்திரத்தின் வெற்றி என்று சொல்லித் தந்தார்கள். எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. தொழில் செய்கிறவனைக் காக்க வந்த சட்டத்தால், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கடையை மூடியவர் வெறுங்கையோடு போனார். ஏமாற்றியவர்கள் தெருவையும் வைத்துக்கொண்டார்கள், பணத்தையும் வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு கறாரான பிரிவு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் மரபு இவ்வளவு கறாரில்லை. தொடக்கத்தில் அங்கேயும் கோபம் இருந்தது. 1414இல் ஜான் டயர் என்ற சாயக்காரர், ஆறு மாதம் அதே ஊரில் சாயத் தொழில் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்த பத்திரம் கோர்ட்டுக்கு வந்தபோது, இப்படி எழுதி வாங்கியவன் எதிரே இருந்தால் அவனைச் சிறையில் தள்ளியிருப்பேன் என்று நீதிபதி ஆண்டவன்மேல் ஆணையிட்டுத் திட்டினார். முந்நூறு வருஷத்தில் கோபம் ஆறிவிட்டது. 1711இல் ரெனால்ட்ஸ் என்ற ரொட்டிக்காரர் லண்டன் ஹோல்போர்னில் இருந்த தன் ரொட்டிக் கூடத்தை மிட்செல் என்பவருக்கு ஐந்து வருஷத்துக்கு விட்டார். அந்த ஐந்து வருஷமும் அதே வட்டாரத்தில் ரொட்டி சுடமாட்டேன், சுட்டால் 50 பவுண்ட் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தார். பிறகு சுட்டார். கோர்ட் மிட்செல் பக்கம் நின்றது. தடை நியாயமான அளவில், நியாயமான காரணத்துக்கு இருந்தால் செல்லும்.

அதன் பின்னே இருக்கும் யோசனை சரியானதுதான். ரொட்டிக் கூடத்தை வாங்கியவன் அடுப்பையும் சுவரையும் மட்டும் வாங்கவில்லை. காலையில் பழக்கத்தில் வந்து நிற்கும் ஜனங்களையும் சேர்த்துத்தான் வாங்கினான். விற்றவன் எதிர்வீட்டில் அடுப்பு மூட்டினால் வாங்கியதற்கு என்ன பொருள்? ‘நான் போட்டியிட மாட்டேன்’ என்று விற்கிறவர் வாக்குத் தர முடியாவிட்டால், அவர் சரக்குக்கு விலையே கிடைக்காது. இந்தத் தடை விற்கிறவருக்கும்தான் உதவுகிறது.

‘நியாயம்’ என்ற அளவுகோல் இங்கிலாந்தில் வளர்ந்துகொண்டே போனது. தோர்ஸ்டன் நோர்டன்ஃபெல்ட் என்ற ஸ்வீடன்காரர் தன் துப்பாக்கி, வெடிமருந்துத் தொழிலை 2,87,500 பவுண்டுக்கு விற்றார். 25 வருஷம் உலகத்தில் எங்கும் அந்தத் தொழிலைச் செய்யமாட்டேன் என்ற அவருடைய வாக்கு செல்லும் என்று 1894இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உலகத்தின் அரசாங்கங்கள்தான் வாடிக்கையாளர் என்றால், உலகமே ஒரு தெருதான்.

நம் சட்டம் இந்தப் பாதையில் வரவில்லை. அதன் 27ஆவது பிரிவு, நியூயார்க்குக்காக டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் எழுதிய வரைவுச் சட்டத்திலிருந்து எடுத்தது. வேடிக்கை என்னவென்றால் நியூயார்க் அந்த வரைவை ஏற்கவே இல்லை. ஏற்றது கலிஃபோர்னியா. அதே 1872இல். வேலையை விட்டு எதிர்க் கம்பெனிக்குப் போவதை சிலிக்கன் பள்ளத்தாக்கில் யாரும் ஒப்பந்தம் போட்டுத் தடுக்க முடியாது என்று ஐடி நண்பர்கள் சொல்வார்கள் இல்லையா, அந்தச் சட்டமும் கீழ்பென்னாத்தூர் திண்ணையைக் காக்கும் சட்டமும் ஒரே தாய்ப் பிள்ளைகள்.

சென்னையிலும் இது சீக்கிரமே சோதிக்கப்பட்டது. மவுண்ட் ரோடில் ஓக்ஸ் கம்பெனி என்று பெரிய கடை. அங்கே வேலை செய்த ஜாக்சன் என்பவரிடம், வேலையை விட்ட பிறகு சென்னையிலிருந்து 800 மைலுக்குள் வேறெங்கும் இதே வேலை பார்க்கக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். 800 மைல் என்றால் தென்னிந்தியா முழுக்கப் போய், அதற்கு மேலும் கொஞ்சம். 1876இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

27க்குள்ளேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அக்காவின் இரண்டாவது காகிதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஒரு தொழிலின் குட்வில்லை விற்கிறவர், குறிப்பிட்ட உள்ளூர் எல்லைக்குள், வாங்கியவரோ அவர்வழி வந்தவரோ அங்கே அதே மாதிரித் தொழிலை நடத்திவரும் வரையில், போட்டித் தொழில் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தொழிலின் தன்மையைப் பார்க்கும்போது அந்த எல்லை நியாயமானது என்று கோர்ட்டுக்குப் படவேண்டும். கல்கத்தா மாதவ் எதையும் விற்கவில்லை. சும்மா மூடுவதற்குக் காசு பேசினார். அதனால் விதிவிலக்கு அவருக்கு உதவவில்லை. அவர் கடையையும் அதன் பேரையும் ராஜ்குமாருக்கு விற்றிருந்தால் கதை வேறு.

ஆக எல்லாம் குட்வில் என்ற சொல்லுக்கு வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் அதற்கு ‘நற்பெயர்’ என்று பெயர். சராசரி லாப முறை, உயர் லாப முறை, மூலதனமாக்கல் முறை என்று மூன்று விதமாகக் கணக்குப் போட்டு மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். அது என்ன பொருள் என்று மட்டும் அந்தக் கணக்குகள் கேட்பதில்லை. லண்டன் சாலையில் சரக்கு வண்டி ஓட்டிய தொழில் ஒன்றைப் பற்றிய 1810ஆம் வருஷ வழக்கில் எல்டன் பிரபு எளிமையாகச் சொன்னார்: பழைய வாடிக்கையாளர் பழைய இடத்துக்கே வரக்கூடும் என்ற வாய்ப்பு, அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஆங்கிலேய நீதிபதி ஸ்க்ரட்டன் வாடிக்கையாளர்களை மிருகங்களாகப் பிரித்தார். பூனை இடத்தோடு தங்கும். ஆள் போனாலும் வீட்டை விடாது. நாய் ஆளோடு போகும். எலி இரண்டுக்கும் கட்டுப்படாது. 1961இல் பம்பாய் ஈராஸ் தியேட்டர் சம்பந்தப்பட்ட வரி வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் இந்தப் பூனை நாய்க் கதையை எடுத்துப் பேசியது.

சினிமா கொட்டகைக்குப் பூனைகள் வரும். குழந்தைகள் பள்ளிக்கு? மூன்று வயதுப் பிள்ளை மஞ்சள் சுவருக்காக அழுகையை நிறுத்தாது. தூக்கி வைத்துக்கொள்ளும் ஆளைப் பார்த்துத்தான் நிறுத்தும். ‘அந்த மிஸ்ஸுக்குக் கைராசி’ என்று கீழ்பென்னாத்தூரில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். டாக்டருக்குச் சொல்கிற வார்த்தை. இந்தத் தொழிலில் வருகிறவர்கள் எல்லாம் நாய் ஜாதி வாடிக்கையாளர்கள்தான், ஸ்க்ரட்டன் கணக்கில். நற்பெயரின் பெரும்பகுதி ஒரு பெண்ணின் இடுப்பில் இருக்கிறது. அதை எப்படிப் பிரித்து விற்பது?

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர் மரியா மாண்டிசோரி என்று நினைக்கிறேன். 1913 முதல் அவர் நடத்திய பயிற்சிகளில் தேறியவர்கள் பள்ளி தொடங்கலாம். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் உரிமையை அவர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். முறை தன் பெயரோடு நீர்த்துப் போய்விடும் என்ற பயம். 1929இல் அதைக் காக்க ஒரு சர்வதேசச் சங்கமும் தொடங்கினார். 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து, ஏறக்குறைய 300 பேருக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். பெயருக்கு வேலி போட அவ்வளவு பாடுபட்டும் வேலி நிற்கவில்லை. 1967இல் அமெரிக்க வணிகச் சின்ன வாரியம், மாண்டிசோரி என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது, யாருக்கும் தனிச்சொத்தில்லை என்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எத்தனை தகரப் பலகைகளில் அந்தப் பெயர் தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு புரியும்.

மாண்டிசோரி பெயரைக் காக்க நினைத்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு பெருகிய ப்ளே ஸ்கூல் கம்பெனிகள் பெயரை வாடகைக்கு விடுகின்றன. யூரோகிட்ஸ் 2001இலும் கிட்ஸீ 2003இலும் தொடங்கின. அவற்றைப் பார்த்து இன்னும் பல. நடுவில், 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் போனார்கள். அதன் பிறகு கூரை கொட்டகைப் பள்ளி என்றாலே பெற்றோருக்கு அடிவயிறு கலங்கியது. ஒரே மாதிரிக் கட்டடம், ஒரே மாதிரி வண்ணம், தெரிந்த ஒரு பெயர் என்று கம்பெனிகள் விற்றதில் அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் ஊகம்.

இந்தக் கம்பெனிகளின் அக்ரிமெண்டில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். பெயராலும் முறையாலும் உண்டாகும் குட்வில் அத்தனையும் கம்பெனிக்கே சொந்தம். அக்காவின் அக்ரிமெண்டிலும் இருந்தது. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம் என்றால், அக்கா கம்பெனிக்கு எந்தக் குட்வில்லையும் விற்கவில்லை. விற்காதவரைக் கட்டிப்போட விதிவிலக்கு வராது. அப்படியானால் முடிந்த பிறகும் இரண்டு வருஷம், 5 கிலோமீட்டர் என்ற ஷரத்து நேராக 27க்குள் விழுகிறது.

ஃப்ரான்சைஸ் நடக்கும்போது போடும் தடை வேறு. 1995இல் குஜராத் பாட்டிலிங், கோகோ கோலா வழக்கில், ஒப்பந்தக் காலத்தில் எதிர்க் கம்பெனியின் பானத்தை நிரப்பக்கூடாது என்ற தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். அது இருவரும் சேர்ந்து வியாபாரத்தை வளர்ப்பதற்கான ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் கையைத்தான் நம் கோர்ட்டுகள் தட்டிவிட்டிருக்கின்றன. ஜாகீர் கானை ஒரு விளம்பர நிர்வாகக் கம்பெனி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தன்னோடு கட்டிவைக்கப் பார்த்தது. 2006இல் உச்ச நீதிமன்றம் அது 27க்கு விரோதம் என்றது. தடை நியாயமானதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இங்கிலாந்து மாதிரி நியாயமான தடைகளை அனுமதிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958இல் தன் 13ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. யாரும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று சொல்வேன். 5 கிலோமீட்டர் நியாயமா என்று வாதாட மும்பை வக்கீலுக்கு எதிரே நிற்கும் வசதி அக்காவுக்கு எங்கே இருக்கிறது?

“அப்ப கம்பெனி பேப்பர் செல்லாதுன்றியா?”

“செல்லாதுன்னுதான் தோணுது. ஆனா அவங்க பேரு, பாட்டு, புஸ்தகம், யூனிஃபார்ம் எதையும் நீ தொடக்கூடாது. அது உன்னோடது இல்ல.”

“அந்த இங்கிலீஷ் பாட்டு எனக்கெதுக்கு? டெபாசிட்ட திருப்பித் தருவாங்களா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. செல்லாத ஷரத்துக்குக்கூட ஒரு பலம் உண்டு: டெபாசிட் அவர்கள் கையில் இருக்கிறது, தகராறு வந்தால் மத்தியஸ்தம் வேறு மாநிலத்தில் என்று எழுதியிருக்கிறது. இந்தத் தடையை எழுதி வாங்குவது குற்றம் இல்லை, செல்லாது என்பது மட்டும்தான். அதனால் எல்லா அக்ரிமெண்டிலும் தொடர்ந்து எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள். படிக்கிறவர் பயந்துகொண்டால் போதும்.

வாங்குகிறவரின் காகிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. வெளிநாட்டில் சம்பாதித்த காசை மனைவியின் பேரில் இந்த ஸ்கூலில் போடுகிறார். கம்பெனிப் பெயருக்குத் தனியாகக் கம்பெனியிடம் கட்டணம் கட்டுகிறார். அக்காவுக்குத் தரும் பணம் பெஞ்சுக்கும் சறுக்கு மரத்துக்கும் உரியதைவிட நிறைய. அந்த ‘நிறைய’ எதற்கு என்றால், ஊர் அம்மாக்கள் அக்காமேல் வைத்த நம்பிக்கைக்கு. கம்பெனி தனதென்று எழுதிக்கொண்டாலும் காசு கொடுத்தவருக்கு அது யாருடையது என்று தெரியும். வாங்கிக்கொண்டு, அடுத்த ஜூனில் அதே தெருவில் அக்கா எல்கேஜி தொடங்கினால் அது தப்பு. அக்காவுக்கும் அதில் சந்தேகமில்லை.

ஆகவே எல்லையைப் பற்றி மட்டும் பேசினோம். சட்டம் ‘தொழிலின் தன்மை’ என்கிறது. மூன்று வயதுப் பிள்ளையை ஒரு தாய் எவ்வளவு தூரம் அனுப்புவாள்? ஸ்கூல் வேன் போகிற தூரம். இந்தத் தாலுகாவில் வேட்டவலமும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழந்தையும் இந்த ஸ்கூலுக்கு வந்ததில்லை, வரப்போவதும் இல்லை. தாலுகா என்பது வருவாய்த் துறையின் கோடு. நற்பெயர் அந்தக் கோட்டைப் பார்த்துப் பரவவில்லை. வேன் நிற்கும் ஊர்களை ஒரு தாளில் எழுதினோம். அந்த ஊர்களும் பேரூராட்சியும்தான் எல்லை என்று மாற்றச் சொன்னோம், ஒப்புக்கொண்டார். வாங்கியவர் நடத்தும் வரைதான் தடை என்ற சட்டத்தின் வரியையும் சேர்த்தோம். அவர் இரண்டாம் வருஷம் மூடிவிட்டுப் போனால், மிச்ச மூன்று வருஷம் அக்கா சும்மா உட்காரத் தேவையில்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை வீட்டில் பார்த்துக்கொள்வது தடையில் சேராது என்று ஒரு வரி கேட்டோம். அந்த ஸ்கூலில் அந்த வயதுக் குழந்தைகளைச் சேர்ப்பதே இல்லை. அவர் மனைவியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு நாளில் சரி என்று போன் வந்தது.

இதை எழுதும் இந்த வாரம் வரை கையெழுத்து ஆகவில்லை. ‘உறவினர்’ என்ற சொல்லில் நிற்கிறது. அக்காவின் நாத்தனார் அதே ஸ்கூலில் நாலு வருஷம் வேலை பார்த்தவர். அவர் பேர் இந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. எதையும் விற்கவில்லை, ஒரு ரூபாய் வாங்கவும் இல்லை. அவரை எப்படிக் கட்டுவது என்று நான் கேட்டேன். “எங்களுக்கு அந்தப் பொண்ணப் பத்தித்தாங்க பயமே” என்றார் வாங்குகிறவர்.

அக்கா சிரித்துவிட்டார். “அப்ப அவளையே மிஸ்ஸா வச்சுக்கோங்க” என்றார்.

சம்பளம் எவ்வளவு என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.